தங்கம் தேட எந்த டிடெக்டர்? விக்டோரியாவின் மண்ணை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மெல்பேர்னிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் மேரிபரோ வரும். அதைத் தாண்டினால் டனோலி, மோலியாகுல், டார்னகல்லா, வெடர்பர்ன் என்று சிற்றூர்கள். விக்டோரியாவின் 'தங்க முக்கோணம்' இதுதான். 1869 பிப்ரவரி 5 அன்று மோலியாகுல் பக்கம் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர், ஒரு மரத்தடியில் தரைக்கு ஓர் அங்குல ஆழத்திலேயே 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டியைக் கண்டெடுத்தார்கள். அதில் 70 கிலோவுக்கும் மேல் தூய தங்கம் இருந்தது. 1980 செப்டம்பரில் கிங்கவர் அருகே கெவின் ஹில்லியர் மெட்டல் டிடெக்டரை வைத்து எடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியின் எடை 27 கிலோ. அதுவும் ஓரடி ஆழத்தில்தான் இருந்தது.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் நண்பர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த மெஷின் நல்லா ஆழமா பிடிக்கும்?" எந்த மண்ணில் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. கடற்கரை மணலில் ஓரடி ஆழத்து நாணயத்தைத் தெளிவாகச் சொல்லும் மெஷின், டனோலியின் சிவந்த சரளையில் அரையடியில் கிடக்கும் அதே நாணயத்தின் மேல் பேசாமல் கடந்து போகும். மெஷின் கெட்டுப்போகவில்லை, அது மண்ணோடு மல்லாடிக்கொண்டிருக்கிறது. அதனால் மெஷின்களை ஒப்பிடுவதற்கு முன்னால் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அது புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற முடிவில் பாதி தானாகவே வந்துவிடும்.

மண் செய்யும் வேலை

டிடெக்டரின் காயில் (தரைக்கு மேல் வீசும் கம்பிச் சுருள்) ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அதனால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது, அந்த மின்னோட்டம் எழுப்பும் சிறு காந்தப்புலத்தை மெஷின் கேட்கிறது. போகும்போது புலம் தூரத்தின் மூன்றாம் படியில் மெலிகிறது. திரும்பி வரும்போதும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால் ஆறாம் படி. காயிலின் அகலத்தைவிடப் பொருள் ஆழமாகக் கிடந்தால், ஆழம் இரு மடங்காகும்போது சிக்னல் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் மண் காயிலுக்கு அடியிலேயே, ஓரிரு சென்டிமீட்டரில் இருக்கிறது. மண்ணில் இரும்புத் தாது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே அதன் சத்தம் ஆழத்துத் தங்கத்தின் சத்தத்தைப் பல மடங்கு மிஞ்சிவிடும்.

ஆனால் 'இரும்பு கலந்த மண்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. இதில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மெஷின்களை ஒப்பிடவே முடியாது.

ஒன்று மேக்னடைட். கறுப்பு மணலில் காந்தத்தை விட்டால் ஒட்டிக்கொள்ளும் தாது. எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையிலும் இது நிறைய உண்டு. புலம் வந்தால் உடனே காந்தமாகும், புலம் போனால் உடனே விட்டுவிடும். தாமதமே கிடையாது. அது எழுப்பும் சிக்னல் மிகப் பெரியது, ஆனால் ஒழுங்கானது.

இன்னொன்று மேக்ஹெமைட். உண்மையான வில்லன் இதுதான் என்பது என் அபிப்பிராயம். இதன் மிக நுண்ணிய துகள்களில் சில உடனே காந்தத்தை விடும், சில ஒரு மைக்ரோ விநாடி கழித்து, சில மில்லி விநாடி கழித்து. மொத்தத்தில் புலம் நின்ற பிறகும் மண் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே இருக்கும். உலோகமும் இப்படித்தான், புலம் நின்ற பிறகு சற்று நேரம் ஒலிக்கும். அதனால்தான் மெஷின் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. காட்டுத்தீயில் மண்ணிலுள்ள கெத்தைட் என்ற இரும்புத் தாது, சருகோடும் வேரோடும் சேர்ந்து வெந்து மேக்ஹெமைட்டாக மாறுகிறது. யூக்கலிப்டஸ் காடுகள் காலங்காலமாகத் தீப்பிடித்து எரிந்த இந்த நாட்டில் மேல்மண் இப்படித் தொல்லை தருவதில் ஆச்சரியமில்லை. பல இடங்களில் மேலே அரையடி மண்ணைச் சுரண்டி ஒதுக்கினால் கீழே மண் அமைதியாக இருக்கும். எரிந்த மரத்தின் அடிக்கட்டை, பழைய முகாம்களின் அடுப்படி, செங்கல் துண்டு இவையெல்லாம் டிடெக்டரில் கத்துவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவதாக உப்பு. மேற்கு ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரிக்கரைகளில் இது பெரிய பிரச்சினை. அங்கே ஈர மண்ணே மின்சாரம் கடத்தும் உலோகத் தகடு மாதிரி நடந்துகொள்ளும். விக்டோரியாவின் தங்க முக்கோணத்தில் இதன் பங்கு குறைவு. மழைக்குப் பின் களிமண் சற்று வேறு மாதிரி பேசும், அவ்வளவுதான்.

கற்கள்

மண் ஒரே சீராக இருந்தால் அதன் சத்தம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சமாளிக்கலாம். மெஷினுக்கு அந்த மண்ணைப் பழக்கி, அதைக் கேட்காதே என்று சொல்லிவிடலாம். கிரவுண்ட் பேலன்ஸ் செய்வது இதுதான். சீரில்லாமல் கிடக்கும் கற்களிடம் இது பலிக்காது.

சுற்றியுள்ள மண்ணைவிடத் தாது கூடுதலாக உள்ள கல், உலோகம் போலவே ஒலிக்கும். ஹாட் ராக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இரும்புக்கல், சுட்ட களிமண் கட்டி, பட்டாணி அளவில் உருண்டையாகக் கிடக்கும் இரும்புச் சரளை எல்லாம் இந்த வகை. மெஷின் எந்த மண்ணுக்குச் சமன் செய்யப்பட்டதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகி நிற்கும் கல்லும் உண்டு. மேக்னடைட் மிகுந்த கல் பெரும்பாலும் இப்படித்தான். காயில் அதன் மேல் வரும்போது ஒலி அமுங்கி, தாண்டியதும் 'போயிங்' என்று எழும். சில நாள் பழகினால் காது இதைத் தனியாகப் பிரித்துவிடும்.

குவார்ட்ஸ் தானாகச் சத்தம் போடாது. வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டு ஒன்று டிடெக்டரில் ஒலித்தால் தூக்கி எறியாதீர்கள். அதன் வெடிப்பில் இரும்புக் கறை இருக்கலாம், தங்கமும் இருக்கலாம்.

ஒலிக்கும் கல்லைக் காலால் நகர்த்திவிட்டு, அது கிடந்த இடத்தை மறுபடி தேட வேண்டும். கல்லையும் தனியாகக் காயில் முன் காட்டிப் பார்க்க வேண்டும். கல்லின் மேலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்து அதை அடக்கிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காத வழி, ஏனென்றால் கல்லோடு சேர்ந்து அடியில் கிடப்பதும் அடங்கிவிடக்கூடும்.

வி.எல்.எஃப். மெஷின்கள்: எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும்

விலை குறைந்த பக்கத்திலிருந்து தொடங்கலாம். வி.எல்.எஃப். (வெரி லோ ஃப்ரீக்வென்சி, மிகத் தாழ்ந்த அலைவரிசை) மெஷினில் ஒரு காயில் இடைவிடாமல் அலை அனுப்பும், இன்னொன்று கேட்கும். அனுப்புவது கேட்பதைப் பாதிக்காதபடி இரண்டையும் சமன் செய்து அடுக்கியிருப்பார்கள். தங்கத்துக்கென்று வருபவை அந்த வகைக்குள் உயர்ந்த அலைவரிசையில் ஓடும்: மைன்லேபின் கோல்டு மான்ஸ்டர் 1000 ஓடுவது 45 கிலோஹெர்ட்ஸில், நோக்டாவின் கோல்டு க்ரூசர் 61-ல், ஃபிஷரின் கோல்டு பக் 2 மாடல் 71-ல். அலைவரிசை உயர உயர மிகச் சிறிய தங்கத்தின் மீது கூர்மை கூடும்.

சாம்பல் நிறக் களிமண், வெளிறிய ஸ்லேட் பாறைத் தளம், பழைய குழிகளிலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகள் ஆகிய இடங்களில் இந்த மெஷின்கள் அருமையாக வேலை செய்யும். அரிசி மணியைவிடச் சிறிய தங்கத்தைக்கூட ஓரிரு அங்குல ஆழத்தில் காட்டும். கோல்டு மான்ஸ்டர் ஒன்றேகால் கிலோ சொச்சம் எடைதான், நாள் முழுக்க வீசலாம். விலை ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்குள்.

அதே மெஷினைச் சிவந்த இரும்புச் சரளைக்குக் கொண்டுபோனால் நிலைமை தலைகீழ். மேக்னடைட்டின் பெரிய சிக்னல் கேட்கும் பகுதியைத் திணறடிக்கும். உணர்திறனைக் குறைக்க வேண்டும், அல்லது காயிலைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டிலும் ஆழம் போய்விடும். மேக்ஹெமைட்டோ மண்ணின் குரலையே உலோகத்தின் பக்கம் நகர்த்திவிடும். இரண்டு எட்டு வைப்பதற்குள் மண் மாறும், கிரவுண்ட் பேலன்ஸ் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். டிராக்கிங் (மண் மாற மாற மெஷின் தானாகவே பேலன்ஸை மாற்றிக்கொள்வது) போட்டுவிட்டு, மெல்லிய சிக்னல் வந்த இடத்தை உறுதி செய்ய மறுபடி மறுபடி வீசினால், மெஷின் அந்தச் சிக்னலையே மண் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடவும் கூடும். மெஷினில் பேலன்ஸை நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால், சிக்னலைச் சோதிக்கும் நேரத்தில் அதைப் பயன்படுத்துங்கள்.

வி.எல்.எஃப். வாங்கப் பலரும் சொல்லும் காரணம், அது இரும்பைத் தனியாகக் காட்டும் என்பது. ஆணியும் லாடமும் நிறைந்த பழைய தங்க வயலில் இது ஆசை காட்டும் வசதிதான். ஆனால் தாது மிகுந்த மண்ணில், அதுவும் ஆழத்தில், தங்கத்தின் சிக்னலோடு மண்ணின் சிக்னலும் கலந்து வருவதால் மெஷினின் அளவுகாட்டி 'இரும்பு' பக்கம் சாயும். மெஷின் இரும்பு என்று சொன்னதை நம்பி விட்டுப்போன இடத்தில் அடுத்து வருபவர் தங்கம் எடுப்பது இப்படித்தான். சிவப்பு மண்ணில் ஒலித்ததையெல்லாம் தோண்ட வேண்டும். அப்படித் தோண்டத்தான் போகிறோம் என்றால், வி.எல்.எஃப். வாங்கச் சொன்ன காரணங்களில் முக்கியமானது அங்கே போய்விடுகிறது.

ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் ஓடும் ஈக்வினாக்ஸ், மான்டிகோர், நோக்டா லெஜண்ட், எக்ஸ்.பி. டியூஸ் 2 ஆகியவை வேறு ரகம். பல அலைவரிசைகளில் வரும் பதிலை ஒப்பிட்டுப் பார்ப்பதால் உப்பு ஈரத்தையும் ஓரளவு மண்ணையும் நன்றாகப் பிரிக்கின்றன. கடற்கரை, பூங்கா, பழைய நாணயம் என்று தேடுபவருக்கு இவற்றைவிட நல்ல தேர்வு இல்லை. ஆனால் அடிப்படையில் இவையும் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே கேட்கும் வகைதான். கடும் சிவப்பு மண்ணில் இவற்றுக்கும் அதே எல்லைதான். ஈக்வினாக்ஸ் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: தங்கத்துக்கான மோடு 800, 900 மாடல்களில் உண்டு, 600, 700-ல் இல்லை. வருடத்தில் ஓரிரு தடவை மட்டும் தங்க வயலுக்குப் போய், மற்ற நாள்களில் கடற்கரையில் நடப்பவர் என்றால் ஈக்வினாக்ஸ் 800-ஓ 900-ஓ போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

பி.ஐ. மெஷின்கள்

பி.ஐ. (பல்ஸ் இண்டக்ஷன், துடிப்பு முறை) மெஷின் அனுப்பும்போது கேட்பதில்லை. ஒரு துடிப்பை அனுப்பி, சட்டென்று நிறுத்தி, சில மைக்ரோ விநாடிகள் பொறுத்து, அதன் பிறகு கேட்கிறது. மேக்னடைட்டுக்குத் தாமதம் கிடையாது என்று மேலே சொன்னேன். துடிப்பு நின்றதும் அது அடங்கிவிடுவதால், மெஷின் கேட்கத் தொடங்கும்போது அதன் குரலே இல்லை. வி.எல்.எஃப். மெஷினைத் திணறடித்த பசால்ட் கல்லின் மேல் பி.ஐ. பெரும்பாலும் அமைதியாகப் போவதன் ரகசியம் இதுதான்.

மேக்ஹெமைட் மட்டும் பாக்கி. துடிப்பு நின்ற பிறகும் முனகும் அந்த மண்ணை நீக்க, மெஷின் வெவ்வேறு நேரங்களில் மாதிரி எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. மண்ணின் முனகல் குறைகிற விதம் வேறு, உலோகத்தின் ஒலி அழிகிற விதம் வேறு என்பதால் கழித்த பிறகு மண் காணாமல் போய் உலோகம் மிஞ்சும். அடிலெய்டில் 1985-ல் தொடங்கிய மைன்லேப் நிறுவனத்தின் புரூஸ் கேண்டி இந்த வழியில் பெரிய முன்னேற்றம் கண்டார். 1990-களின் நடுவில் எஸ்.டி. 2000 வந்தபோது, 'இனி இங்கே ஒன்றுமில்லை' என்று கைவிடப்பட்ட விக்டோரிய வயல்கள் மறுபடி தங்கம் கொடுக்கத் தொடங்கின. மண் அப்படியேதான் இருந்தது, கேட்கும் முறைதான் மாறியது.

இதற்கு ஒரு விலை உண்டு, விளம்பரங்கள் அதைப் பேசுவதில்லை. மண்ணைக் கழிக்கும்போது, மண் மாதிரியே அழியும் உலோகமும் சேர்ந்து கழிபட்டுவிடும். குறிப்பிட்ட அளவும் வடிவமும் உள்ள சில தங்கத் துண்டுகள் குறிப்பிட்ட அமைப்பில் கேட்கவே கேட்காது. அதே வயலுக்கு வேறு அமைப்போடு போனால் அதே துண்டு ஒலிக்கும். இந்த எல்லைக்கு இருபுறமும் ஒலியும் மாறும்: மைன்லேப் பி.ஐ. மெஷின்களில் சிறிய தங்கம் பொதுவாக உயர்ந்து தாழ்ந்து ஒலிக்கும், பெரிய கட்டி தாழ்ந்து உயர்ந்து ஒலிக்கும். உயர்ந்து தாழும் ஒலியை மட்டும் தோண்டிப் பழகியவர்கள் பெரிய கட்டியைத் தாண்டிப் போய்விடும் அபாயம் இருக்கிறது.

சிறிய தங்கத்திலும் சிக்கல். அதன் சுழல் மின்னோட்டம் சில மைக்ரோ விநாடியில் அழிந்துவிடும். மெஷின் கேட்கத் தொடங்கும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். பஞ்சு போல இழைந்த தங்கம், குவார்ட்ஸுக்குள் ஊசியாகப் பாய்ந்த தங்கம் இவற்றையும் பழைய பி.ஐ. மெஷின்கள் தவறவிட்டதற்கு இதே காரணம். கேட்கத் தொடங்கும் நேரத்தை முன்னே தள்ளத் தள்ளச் சிறிய தங்கம் கேட்கும், கூடவே மண்ணும் உப்பும் உரக்கக் கேட்கும். பி.ஐ. மெஷின்களுக்குள் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இழுபறியை யார் எங்கே நிறுத்தினார்கள் என்பதுதான்.

மைன்லேபின் எஸ்.டி.சி. 2300 மாடல் 2014-ல் வந்தது. சீக்கிரமே கேட்கும் ரகம். சிறிய தங்கத்தில் அபாரம், ஹாட் ராக்குகளிடையே அமைதி, மூன்று மீட்டர் தண்ணீருக்குள்ளும் இயங்கும், மடித்தால் முதுகுப்பைக்குள் போய்விடும். ஆனால் அதன் எட்டு அங்குலக் காயிலை மாற்ற முடியாது. பெரிய பரப்பைத் தேட நேரமாகும், ஆழத்துப் பெரிய கட்டி அதன் வேலை அல்ல.

ஜி.பி.எக்ஸ். 4500, 5000 ஆகியவை அதற்கு நேர் எதிர். பேட்டரியை முதுகில் சுமந்து, வயரை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் எத்தனையோ காயில்கள் கிடைக்கும், மண்ணுக்கு ஏற்ற டைமிங்குகளும் (துடிப்பை எப்படி அனுப்பி, எப்போது கேட்பது என்ற அமைப்புகள்) உண்டு. 5000-ல் 'நார்மல்' டைமிங் மிதமான மண்ணில் ஆழம் தரும். 'என்ஹான்ஸ்' கடும் மண்ணில் அமைதி தரும். 'ஃபைன் கோல்டு' கடும் மண்ணிலும் சிறிய தங்கத்தைத் தேடும். 'சால்ட்' டைமிங்குகள் உப்புக்கு. வாங்கியவர்களில் பலர் என்ஹான்ஸில் போட்டுவிட்டு அதை மாற்றுவதே இல்லை, அமைதியாக இருக்கிறது என்பதால். மிதமான மண்ணில் அப்படிச் செய்தால் காசு கொடுத்து வாங்கிய ஆழத்தை வீணாக்குகிறோம். மண் தாங்கும் வரை நார்மல், தாங்காத இடத்தில் மட்டும் அடுத்தது என்று போவதே சரி.

2021-ல் வந்த ஜி.பி.எக்ஸ். 6000 இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அமைப்புகள் குறைவு, மண்ணைத் தானாகவே பின்தொடரும். சிறியதும் நடுத்தரமுமான தங்கத்தில் இதை மிஞ்ச ஆள் குறைவு. தேர்வு என்று பார்த்தால் மண்ணுக்கு 'நார்மல்', 'டிஃபிகல்ட்' என்று இரண்டுதான். பதினோரு அங்குல மோனோ காயிலோடு (ஒரே சுருள் அனுப்பவும் கேட்கவும் செய்யும்) மிதமான மண்ணில் இதை வைத்து நடப்பது பெரிய சுகம். விலை எட்டாயிரம் டாலர் அளவில்.

2015-ல் வந்த ஜி.பி.இசட். 7000 வழக்கமான பி.ஐ. முறையிலிருந்து விலகியது. பெரிய ஆழத்திலும், பி.ஐ. தவறவிடும் இழைத் தங்கத்திலும் அதன் திறமை இன்றும் பேசப்படுகிறது. எடை மூன்று கிலோவுக்கு மேல், தோளில் மாட்டும் வார் இல்லாமல் நாள் முழுக்கச் சுமக்க முடியாது. மண் சிக்னலின் ஒரு பகுதியைச் சரிசெய்ய ஃபெரைட் வளையம் ஒன்றைத் தரையில் வைத்துக் காயிலை அதன் மேல் ஆட்ட வேண்டும். இதைச் சரியாகச் செய்யாதவருக்கு அந்த மெஷின் அதன் முழுத் திறனைக் காட்டாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காயில்

மெஷினுக்கு யோசிப்பதில் பாதியாவது காயிலுக்கு யோசிக்க வேண்டும். பெரிய காயில் ஆழம் தரும் என்பது பாதி உண்மை. பெரிய காயில் ஒரே நேரத்தில் அதிக மண்ணையும் பார்க்கிறது, அதனால் தாது மிகுந்த மண்ணில் அதன் சத்தமும் கூடுகிறது, சிறிய தங்கத்தின் மேல் கூர்மை குறைகிறது. மோனோ காயில் ஆழமானது, ஆனால் மண்ணையும் உரக்கச் சொல்லும். டி.டி. காயில் (அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று இரண்டு D வடிவச் சுருள்கள் கொண்டது) அமைதியானது, ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மோனோ வைத்துக் கடும் மண்ணில் நடுங்கிக்கொண்டே தேடுவதைவிட, டி.டி. மாட்டி அமைதியாகக் கேட்பவர் அதிகம் எடுப்பார். காது தெளிவாகக் கேட்பதுதான் கடைசியில் ஆழம்.

இந்த மண் பிரச்சினை பொழுதுபோக்குத் தேடலோடு நின்றுவிடுவதில்லை. வன்னியில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் இரும்பு கலந்த செம்மண்ணில், பெரும்பகுதி பிளாஸ்டிக்கான, துளி உலோகம் மட்டுமே உள்ள வெடிகளைத் தேட வேண்டியிருந்தது. மைன்லேப் போன்ற நிறுவனங்கள் கண்ணிவெடி டிடெக்டர்களையும் செய்கின்றன. மண் சத்தம் போடுகிறது என்று நாம் உணர்திறனைக் குறைத்தால் நமக்குப் போவது ஒரு தங்கத் துண்டு. அவர்களால் அப்படிக் குறைக்கவே முடியாது. அடிமேல் அடி வைத்து அந்த மண்ணை மீட்டுக்கொண்டிருக்கும் பெண்களையும் ஆண்களையும் நினைக்காமல் நான் இந்த விஷயத்தை எழுத முடியாது.

சரி, எதை வாங்குவது?

இதுவரை கையில் டிடெக்டரே பிடிக்காதவர் என்றால் முதலில் வாடகைக்கு எடுங்கள், அல்லது வைத்திருக்கும் நண்பரோடு போங்கள். ஒரு வார இறுதியில் தெரிந்துவிடும், குனிந்து நிமிர்ந்து ஈயக் குண்டும் துருப்பிடித்த ஆணியும் எடுக்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்று. கூடவே 'மைனர்ஸ் ரைட்' உரிமம் கட்டாயம். பத்து வருடத்துக்குச் செல்லும், கட்டணமும் அதிகமில்லை. தேசியப் பூங்காக்களில் அனுமதிக்கப்பட்ட பகுதிகளைத் தவிர மற்ற இடத்தில் தேடக் கூடாது, தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், பூர்வகுடிகளின் பாரம்பரிய இடங்களைத் தொடக் கூடாது. இந்த வயல்களில் பெரும்பகுதி ஜா ஜா வுருங் மக்களின் நிலம். தோண்டிய குழியை மூடிவிட்டு வருவது சட்டம் மட்டுமல்ல, மரியாதையும்கூட.

இரண்டாயிரம் டாலருக்குள்தான் முடியும் என்றால் கோல்டு மான்ஸ்டர் மாதிரி ஒன்றை வாங்கி, அதற்கேற்ற இடத்தைத் தேடிப் போங்கள். வெளிறிய மண், ஆழமில்லாத பாறைத் தளம், மண்மேடு. சிவப்புச் சரளையோடு மட்டும் மல்லுக்கு நிற்காதீர்கள். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் இந்த மெஷின் நல்ல துணை. கடைப்பிடிக்காவிட்டால் சில வாரங்களில் மூலைக்குப் போய்விடும்.

மாதம் ஒரு தடவையாவது போவேன், மேரிபரோ டனோலி பக்கம்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு என் பரிந்துரை பி.ஐ.தான். புதிய வி.எல்.எஃப். இரண்டு வாங்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பழைய ஜி.பி.எக்ஸ். 4500-ஓ 5000-ஓ பாருங்கள். மண் ஆழமாக உள்ள ஓடைப் பள்ளங்களுக்கும், பெரிய கட்டியின் மேல் ஆசை உள்ளவர்களுக்கும் அதுவே பொருத்தம். பாறை மேலேயே தெரியும் சரிவுகளில், புதருக்குள் நுழைந்து, மற்றவர்கள் விட்டுப்போன சிறிய தங்கத்தை எடுப்பதுதான் உங்கள் வழி என்றால் எஸ்.டி.சி. 2300. இந்த இரண்டில் எது என்பதைப் பணம் தீர்மானிக்க வேண்டாம், நீங்கள் நடக்கப்போகும் நிலம் தீர்மானிக்கட்டும். பணம் ஒரு தடையில்லை, கழுத்தும் முதுகும் வலிக்கக் கூடாது என்றால் ஜி.பி.எக்ஸ். 6000 வாங்கலாம். அது தரும் பலன் உண்மையானது. ஆனால் முதல் வருடத்தில் பழைய 5000 வைத்திருப்பவரைவிட நீங்கள் கூடுதலாக எடுப்பீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஏனென்றால் முதல் வருடம் முழுக்கக் காதைப் பழக்குவதிலேயே போய்விடும்.

பழைய மெஷின் வாங்கும்போது எச்சரிக்கை. ஜி.பி.எக்ஸ். மாடல்களுக்குப் போலிகள் சந்தையில் உலவுகின்றன. வரிசை எண்ணை மைன்லேபிடம் சரிபார்த்த பிறகே காசு கொடுங்கள். பிறகு விற்பவரின் வீட்டுக் கூடத்தில் மோதிரத்தை ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வீட்டுக்குள் மின்சார இரைச்சல் ஒன்றையும் கேட்க விடாது. காற்றில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் பிடிக்கும். முடிந்தால் இருவருமாக ஒரு சிவப்பு மண் இடத்துக்குப் போங்கள். காயிலைத் தரையிலிருந்து ஓரடி உயரம் வரை ஏற்றி இறக்கிப் பேலன்ஸ் செய்யுங்கள், ஒலி அடங்குகிறதா என்று கேளுங்கள். காயிலையும் வயரையும் லேசாகத் தட்டிப் பாருங்கள், தட்டினால் கத்தக் கூடாது. அப்புறம் ஒரு சிறிய ஈயக் குண்டை நாலைந்து அங்குலத்தில் புதைத்து, இரும்புக்கற்களுக்கு நடுவில் அது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் விலை பேசலாம்.